பால் காய்ச்சிய தேதி

1

பால் காய்ச்சிய நாளைக் குடிவந்த நாள் என்று படிவத்தில் எழுதினேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான். அதற்கு என்னை இந்த நாடே பெட்டி கட்டச் சொல்லிவிடுமோ என்று ஒரு மாதம் பயந்துகொண்டு இருந்தேன். கடைசியில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஊரில் இருக்கிற உங்களுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நானும் என் மனைவி மங்கையும் மலாய் நாட்டு ஜொகூரில், பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறோம். வந்து ஐந்து வருஷம் ஆகிறது. எங்கள் ஒரே மகள் சுபா இங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் விடிவதற்கு முன்பே கிளம்பிப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஒரு தேசத்தில் தூங்கி எழுந்து இன்னொரு தேசத்தில் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். இதை நினைத்து நான் வியந்து முடிக்கவில்லை. அவர்களுக்கு அது பஸ் பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. பேத்தி இனியாவைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் சோறு போடுவதும் எங்கள் பொறுப்பு. அவள் எங்களிடம் தமிழில் ஆரம்பித்து, ஆங்கிலத்தில் வளர்த்து, கோபம் வந்தால் மலாயில் முடிப்பாள்.

நாங்கள் இங்கே இருப்பது ஓய்வுபெற்றவர்களுக்கான நீண்டகாலத் தங்கல் அனுமதியில். வேலை பார்க்கக் கூடாது. வங்கியில் வைப்புத்தொகை இருக்க வேண்டும். குறித்த காலத்தில் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினால் கெடுவுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். அந்த வைப்புத்தொகைக்காகத்தான் அறந்தாங்கி வீட்டை விற்றோம். ஆகவே திரும்பி வா என்றால் வந்து இறங்க எங்களுக்கு வாசல் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் முப்பத்தொரு வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். யார் எங்கே குடியிருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே ஓய்வுபெற்றவன். முகவரி விஷயத்தில் நான் தப்புச் செய்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

2

முதலில் இருந்தது ஒரு அடுக்குமாடியில் ஏழாவது மாடி. மங்கைக்கு முழங்கால் போய்விட்டது. லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் மூச்சை விட்டுவிடும். மருத்துவர் படி ஏறவே கூடாது என்றார். பக்கத்திலேயே நாலு தெரு தள்ளி ஒரு தரைவீடு வாடகைக்குக் கிடைத்தது. ஒப்பந்தம் போட்டு, சாவி வாங்கி, ஆனிக் கடைசி வியாழக்கிழமை நல்ல நேரத்தில் பால் காய்ச்சினோம். மறுநாளே சாமான்களை ஏற்றலாம் என்றேன்.

"ஆடி பொறக்குது" என்றாள் மங்கை.

"பொறந்தா பொறக்கட்டும். அதான் பால் காய்ச்சியாச்சே."

"பால் காய்ச்சுறது வேற. ஆடியில யாராவது சட்டி பானையத் தூக்கிக்கிட்டு வீடு மாறுவாங்களா? எனக்கு முழங்கால் வலிச்சா வலிச்சிட்டுப் போவுது."

இந்த வாதத்தில் ஜெயித்த புருஷன் எவனும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் வாடகை கொடுத்துக்கொண்டு, ஆடி முழுவதும் ஏழாவது மாடியிலேயே இருந்தோம். ஆவணி பிறந்த முதல் வாரம் மாறினோம். சுபா மட்டும், "அப்பா, உங்க காலண்டரும் இந்த ஊர் காலண்டரும் ஒரு நாள் நல்லா மோதிக்கப் போவுது" என்றாள். அவள் சொன்னது அப்படியே நடந்தது.

பழைய வீட்டைப் பற்றிச் சொல்லும்போது எதிர்வீட்டு ஆன்ட்டி லிம்மைச் சொல்லாமல் விடக்கூடாது. எழுபதைத் தாண்டிய சீன மூதாட்டி, தனியாக இருந்தார். மங்கை தினமும் காலையில் எங்கள் கதவுக்கு முன்னால், பொது நடைபாதையில், பச்சரிசி மாவில் கோலம் போடுவாள். எறும்பு வரும். வருகிற எறும்பு எங்கள் வீட்டோடு நிற்காது. ஆன்ட்டி லிம் கதவைத் திறப்பார், கோலத்தைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், செல்போனில் ஒரு படம் எடுப்பார், கதவைச் சாத்துவார். பிறகு நிர்வாக அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஓர் எச்சரிக்கைத் தாள் வரும், மங்கை அதைக் கிழித்துப் போடுவாள். கல்மாவில் போடேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கல்லைப் போட்டு எறும்பை ஏமாற்றச் சொல்கிறீர்களா என்று கேட்டாள் மங்கை. ஆடி வெள்ளிகளில் கோலம் இரண்டு மடங்கானது. ஆன்ட்டி லிம்மின் முகமும்.

3

புது வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே முகவரி மாற்றப் படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். கெடுவுக்குள் முடிக்கிறோம் என்ற பெருமை வேறு. 'குடிவந்த தேதி' என்ற கட்டத்தில் பேனா நிற்கவே இல்லை. ஆனிக் கடைசி வியாழக்கிழமைக்கான ஆங்கிலத் தேதியைப் போட்டுக் கொடுத்தேன். நம்மவர்களில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இந்த வீட்டுக்கு எப்போது வந்தீர்கள் என்று. பால் காய்ச்சிய நாளைத்தானே சொல்வார்கள்.

அனுமதியைப் புதுப்பிக்கிற நேரம் பார்த்துக் கடிதம் வந்தது. நான் எழுதிய தேதிப்படி, குடிவந்து ஏறக்குறைய நாற்பது நாள் முகவரியைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன். புதுப்பிப்பு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, விளக்கத்தோடு நேரில் வரவும். படித்துக் காட்டியதும் மங்கை சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "நம்மள அனுப்பிட்டா இனியாவ யாரு கூட்டிட்டு வருவா?" என்றுதான் முதலில் கேட்டாள். நாங்கள் எங்கே போவோம் என்பது அவளுக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது.

அலுவலகத்தில் எண் வாங்கிக்கொண்டு காத்திருந்தேன். கவுண்டரில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. இங்கே மரியாதையாகப் புவான் என்று அழைப்போம். என் மலாய் மீன் சந்தைக்குப் போதுமானது. அதை வைத்துக்கொண்டு, "ஹாரி இத்து சாயா மாசாக் சூசு சஹாஜா, புவான்" என்றேன். அன்றைக்குப் பால் மட்டும்தான் காய்ச்சினேன் என்று அர்த்தம்.

அவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மலாயும் ஆங்கிலமுமாக அவர் பேசியதை நான் தமிழில் தருகிறேன்.

"பால் காய்ச்சுவதற்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தீர்களா?"

அதில் கிண்டல் இல்லை. தெரிந்துகொள்வதற்காகவே கேட்டார். எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் ஆடியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அந்த நாட்களில் பழைய வீட்டில்தான் இருந்தீர்கள் என்பதற்கு ஏதாவது காட்டுங்கள் என்றார். மின்சாரக் கட்டணம் பழைய வீட்டுக்காரர் பெயரில். தண்ணீரும் அவர் பெயரில். வாடகையை ரொக்கமாகவே கொடுத்து வந்தேன். வங்கிக் கடிதம் மகள் முகவரிக்கு வருகிறது. கைப்பேசியோ முன்பணம் கட்டிப் பேசுகிறது. ஐந்து வருஷம் ஒரு ஊரில் வாழ்ந்தும் என் பெயரில் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

"நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை, அங்கிள். ஆனால் நான் கையெழுத்துப் போட எனக்கு ஒரு தாள் வேண்டும்."

 அச்சு அசலாக இதையே நான் முப்பத்தொரு வருஷம் சொல்லியிருக்கிறேன். உடனே ஒரு முகம் வந்து நின்றது. எங்கள் கிராமத்துக் கண்மாய்க் கரையில் குடிசை போட்டிருந்த முனியாண்டி. மகள் செல்விக்கு அரசு விடுதியில் இடம் கிடைத்திருந்தது, இருப்பிடச் சான்று வேண்டும் என்று அவளையும் அழைத்துக்கொண்டு வந்தான். பட்டா இல்லை, கதவு எண் இல்லை, ரேஷன் கார்டு மழையில் போய்விட்டது. "நீ அங்கதான் இருக்கேன்னு எனக்குத் தெரியும்ப்பா. ஆனா தாள் வேணுமே" என்றேன். மூன்று தரம் வந்தான். நாலாவது தரம் வரவில்லை.

புவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டார்.

"அந்தக் கட்டடத்தில் உங்கள்மேல் கோபமாக யாராவது இருந்தார்களா?"

எனக்குப் புரியவில்லை.

"நல்லபடியாகப் பழகுகிற அண்டைவீட்டார் எதையும் எழுதி வைக்க மாட்டார்கள், அங்கிள். கோபக்காரர்கள்தான் தேதி போட்டு எழுதுவார்கள். யோசித்துப் பாருங்கள். இரண்டு வாரம் தருகிறேன்."

நான் உத்தியோகம் பார்த்த காலம் முழுவதும் இப்படி ஒரு கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. வெளியே வந்து வெயிலில் நின்றுகொண்டே, அடேயப்பா, அடேயப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

4

ஆன்ட்டி லிம் வீட்டுக்குப் போக மங்கை ஒப்பவில்லை. அந்த அம்மா காலில் போய் விழுவதா என்றாள். இனியாவின் பெயரைச் சொல்லித்தான் கிளப்பினேன். அன்றைக்கு லிஃப்ட் ஓடியது, அது எங்கள் நல்ல நேரம். இரும்புக் கதவுக்கு முன்னால் நின்று அழைப்புமணியை அழுத்தினேன். உள்ளே செருப்புச் சத்தம் மெதுவாக வந்தது.

"தொறக்குதா பாருங்க, சிடுமூஞ்சி" என்றாள் மங்கை, வழக்கம்போல என்னிடம் தமிழில்.

"சிடுமூஞ்சி தொறக்குது. உள்ள வாங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து தமிழில் பதில் வந்தது.

நாங்கள் இருவரும் கல்லாகிவிட்டோம். கதவு திறந்தது. ஆன்ட்டி லிம் சிரிக்கவெல்லாம் இல்லை. நாற்காலியைக் காட்டி, இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிவரும் 'லா'வோடு சொன்னார்.

"நான் கூலாய் பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்தவ லா. எங்கப்பா மளிகைக் கடை, தொழிலாளிங்க குடியிருக்குற லயத்துக்கு எதுத்தாப்புல. வெளையாட்டு, சண்டை எல்லாம் பால்மரம் வெட்டுறவங்க புள்ளைங்களோடதான். தமிழ் மொதல்ல வந்துச்சு, சீனம் அப்புறம்."

"இத்தனை வருஷம் ஏங்க சொல்லல?" என்றாள் மங்கை. அவள் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த நடைபாதையில் நின்று இந்த அம்மாவைப் பற்றி அவள் என்னென்ன பேசியிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"நீங்க கேக்கலியே. அதோட, நீங்க ரெண்டு பேரும் பேசுறது கேக்க நல்லா இருக்கும். டிவில போடுற நாடகம் மாதிரி."

நான் விஷயத்தைச் சொன்னேன். தேதி, கடிதம், புவான் கேட்ட கேள்வி எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "ஊர்ல என்ன வேலை பாத்தீங்க?" என்றார்.

கிராம நிர்வாக அலுவலர் என்பதை எப்படிச் சொல்வது என்று தடுமாறி, "கிராணி மாதிரி" என்றேன். தோட்டத்துப் பேச்சில் எழுத்தரைக் கிராணி என்பார்கள்.

"நானும் ஸ்கூல் கிராணிதான். முப்பது வருசம். கிராணியா இருந்துட்டு, தேதி எழுதறப்ப யோசிக்க வேணாமா?"

 தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்துபோய் ஒரு தடித்த கோப்பை எடுத்து வந்து மேசையில் வைத்தார். நிர்வாக அலுவலகத்துக்கு எழுதிய புகார்க் கடிதங்களின் நகல்கள். எல்லாம் தட்டச்சு. மேலே தேதி, நேரம். கீழே படம். ஒவ்வொன்றிலும் அலுவலகம் பெற்றுக்கொண்ட முத்திரை. ஆடி மாதத்து நாட்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 'ஏழாவது மாடி, பன்னிரண்டாம் வீட்டார் இன்று காலையும் நடைபாதையில் மாவு இட்டிருக்கிறார்கள்.' 'இன்று காலையும்.' 'இன்று காலையும்.' ஒரு நாள்கூட விடுபடவில்லை. மூன்றாவது ஆடி வெள்ளிக்கு மட்டும், 'இன்று வழக்கத்தைவிடப் பெரியது. இரண்டு மயில் உள்ளது' என்று எழுதியிருந்தார். ஒரு படத்தில் மங்கையின் வலதுகைகூட விழுந்திருந்தது, மாவோடு.

இந்த நாட்டில் எங்களை யாருக்கும் தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் எங்கள் ஒவ்வொரு விடியலையும் தேதி போட்டுக் கோப்பில் வைத்திருந்திருக்கிறார். திட்டித்தான் வைத்திருந்தார், அதனால் என்ன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்கவும் இல்லை.

"எறும்பு வந்ததுக்கு மன்னிச்சுக்குங்க" என்றாள் மங்கை.

"இப்ப எறும்பு வர்றதில்ல" என்றார் ஆன்ட்டி லிம். கோப்பை மூடினார். "காலையில கதவத் தொறந்து பாக்குறேன். சும்மாதான். பழக்கமாப் போச்சு."

5

கோப்பைக் கொடுத்தால் நான் கொண்டுபோகிறேன் என்றேன். கொடுக்க மாட்டேன் என்றார். தன் கோப்பு தன் கையை விட்டுப் போகாது என்று அவரே கிளம்பி வந்தார். அந்த நிமிஷத்தில் அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கிராணி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

புவான் ஒவ்வொரு கடிதமாகப் பார்த்தார். மயில் கோலத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு நிமிர்ந்து, "புகார் கொடுத்தவரே சாட்சிக்கும் வந்திருக்கிறீர்களா?" என்று ஆன்ட்டி லிம்மைக் கேட்டார்.

"ஆமாம்."

"இவர்கள் அந்த நாட்களெல்லாம் அங்கேதான் இருந்தார்களா?"

"இருந்தார்கள். இந்தியர்கள் அந்த மாதத்தில் வீடு மாற மாட்டார்கள். பால் காய்ச்சுவார்கள், ஆனால் மாற மாட்டார்கள். என் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்."

"தொல்லையாக இருந்ததா?"

"தொல்லைதான். தினமும்."

தினமும் என்ற அந்தச் சொல்லைப் புவான் எழுதிக்கொண்டதை நான் தலைகீழாகப் பார்த்துப் படித்தேன். பிறகு என்னிடம் ஒரு புதுப் படிவத்தைக் கொடுத்து, குடிவந்த தேதியைத் திருத்தி எழுதச் சொன்னார். எழுதினேன்.  பழைய படிவத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதி, நகல்களை அதோடு சேர்த்துக் கோத்து, முத்திரை குத்தினார். புதுப்பிப்பு இனி வழக்கப்படி நடக்கும் என்றார்.

"அடுத்த முறை, அங்கிள், பால் காய்ச்சுவது வேறு, தூங்குவது வேறு. எங்களுக்குத் தூங்குகிற வீடுதான் கணக்கு" என்று சொல்லி அப்போதுதான் சிரித்தார்.

நான் நன்றி சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆன்ட்டி லிம் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "போதும் லா, பின்னால ஆள் நிக்குது" என்று தமிழில் சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். சுபாவுக்குச் செய்தி அனுப்பினேன். பாலத்தில் வரும்போது பஸ்ஸிலேயே அழுததாக அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள். இனியா, "தாத்தா, ஸோ நீங்க ஸ்டே பண்றீங்க, சரியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் விளையாடப் போனாள்.

6

மறுநாள் காலை. மங்கை புது வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தரைவீடு என்பதால் மண்ணும் செடியும் உண்டு, எறும்பை யாரும் கேட்க மாட்டார்கள். அவள் அதை முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, டப்பாவில் தனியாகக் கொஞ்சம் மாவு எடுத்து வைத்தாள். வெள்ளிக்கிழமை லிஃப்ட் ஓடினால் ஆன்ட்டி லிம் கதவுக்கு முன்னால் ஒன்று போட்டுவிட்டு வரலாம் என்றாள். எறும்பைச் சொல்லிப் புகார் எழுத அவருக்கு இனி ஆள் வேண்டாமா என்று நான் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே இருந்தவன்தான், முனியாண்டியைப் பற்றி அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். இத்தனை வருஷத்தில் சொன்னதே இல்லை.

புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்கள்மேல் கிராம அலுவலர் ஆண்டுதோறும் ஓர் ஆக்கிரமிப்புக் குறிப்பு எழுத வேண்டும். பி-மெமோ என்போம். இன்னார், இந்தக் கண்மாய்க் கரையில், இவ்வளவு இடத்தை ஆக்கிரமித்துக் குடியிருக்கிறார் என்று பெயர், இடம், வருஷம் எல்லாம் போட்டு எழுதுவது. முனியாண்டிமேல் பதினோரு வருஷம் எழுதியிருந்தேன். அவன் சான்று கேட்டு என் எதிரில் மகளோடு நின்ற அன்றைக்கு, அந்தப் பதினோரு குறிப்பும் என் மேசை இழுப்பறையில், என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தன. அவன் அங்கேதான் குடியிருக்கிறான் என்று பதினோரு தடவை என் கையெழுத்து.

எனக்கு அப்போது தோன்றவே இல்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். அது பொய். தோன்றியது. அதைக் காட்டிச் சான்று கொடுத்தால், அதே தாளைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு இடத்துக்குப் பட்டா கேட்பான், மேலே இருப்பவர்கள் என்னைக் கேட்பார்கள் என்று பயந்தேன். இழுப்பறையைத் திறக்கவில்லை. புவானுக்கும் மேலே அதிகாரிகள் இருப்பார்கள்தானே. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கிழவன் அங்கே இருந்திருக்க வழி உண்டா என்று தானே தேடினார்.

 மங்கை கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் புள்ள விடுதியில சேந்துச்சா?"

"சேரல."

"பேரு என்ன சொன்னீங்க?"

"செல்வி."

"இப்ப எங்க இருக்கு?"

அந்தக் கிராமத்தில் எந்தப் புல எண்ணில் யார் வீடு என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும். அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.